மூடிய கழிவறைக்கு முன்னால் ஒரு வரிசை

ஹெப்பர்விக் நகரசபைக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் வெறுமனே மூடாது. மூடுவதற்கு முன்னால் மேம்படுத்தப் போவதாகச் சொல்லும். நீச்சல் குளத்தை மேம்படுத்தினார்கள். இப்போது அங்கே கார் நிறுத்தக் கட்டணம் வாங்குகிறார்கள். நூலகத்தை மேம்படுத்தினார்கள், அது செவ்வாய்க்கிழமையும் ஒன்றுவிட்ட வியாழக்கிழமையும் திறக்கிறது. எந்த வியாழன் என்று தெரிந்த ஒரே ஊழியர் போன வருஷம் ஓய்வுபெற்றுவிட்டார்.

அதனால்தான், மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில், சந்தைச் சதுக்கத்துப் பொதுக் கழிவறையின் பச்சைக் கதவில் 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்' என்று தொடங்கிய பலகையைப் பார்த்ததும் ஜானிஸ் ஹோல்ராய்டு நேராகக் கடைசி வரிக்குப் போனாள். பலகையின் கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது: 'இவ்வசதி மூடப்பட்டுள்ளது.'

ஜானிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்துமூன்று வருஷமாக அந்தச் சந்தையில் காலுறைக் கடை போட்டிருக்கிறாள். செவ்வாய், வெள்ளி, சனி. கம்பளிக் காலுறை, உள்பனியன், குளிருக்குக் காலோடு ஒட்டிப் போடும் கால்சட்டை. மூன்று பிள்ளை பெற்றபின் அவளுடைய சிறுநீர்ப்பை தனக்கென்று ஒரு நேர அட்டவணை போட்டுக்கொண்டது: முக்கால் மணிக்கு ஒரு தரம். டாக்டரிடம் போனாள். "அடக்காதீங்க. அதுக்காகத் தண்ணி குடிக்காமயும் இருக்காதீங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார். சந்தையில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்று கேட்க இன்னொரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும். அது ஆகஸ்டில்தான் கிடைக்கும்.

கடையிலிருந்து கழிவறைக்கு முப்பத்தோரு எட்டு. போக, இருக்க, கை கழுவ, திரும்பி வர எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தின் மேல்தான் அவள் பிழைப்பு நின்றிருந்தது. ஏனென்றால் சந்தை விதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: உரிமம் பெற்றவர் பத்து நிமிடத்துக்கு மேல் கடையை விட்டு அகலக் கூடாது. அகன்றால் எச்சரிக்கைச் சீட்டு. ஒரே வருஷத்தில் மூன்று சீட்டு வாங்கினால் இடம் பறிபோகும். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டாலும் செல்லாது. விதியைப் போட்டதும் நகரசபை, கழிவறையை மூடியதும் நகரசபை. இரண்டு உத்தரவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில், ஒரே தேநீர் இடைவேளைக்கு அப்புறம் கையெழுத்தாயின.

மூடியதற்குக் காரணம் சொன்னார்கள். ஊரில் யாருக்கும் கழிவறை தேவைப்படவில்லையாம். அது வெறும் பேச்சில்லை, ஆய்வு. ஆதியில் அங்கே இலவசம். பிறகு ஒரு பென்னி, பத்து பென்ஸ், இருபது பென்ஸ் என்று ஏறி, கடைசியில் ஐம்பது பென்ஸ் ஆனது. அதையும் அட்டையில்தான் கட்ட வேண்டும், காசு வாங்காது. சுழல் கம்பியின் தலையில் அட்டையைக் காட்டினால் வழி விடும். ஜனவரியில் இரண்டு வாரம் அந்தக் கருவி கெட்டுப்போய் யாரையும் உள்ளே விடவில்லை. அதே இரண்டு வாரத்தில்தான் லண்டனிலிருந்து வந்த ஆலோசகர்கள் குடையோடு எதிரே உட்கார்ந்து, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணினார்கள். பதினான்கு நாளில் ஒருவர்கூட இல்லை.

மூடியதும் அந்தக் கருவியையும் கம்பியையும் மட்டும் வேன் வைத்து எடுத்துப் போனார்கள். வாடகைச் சாமான், பத்திரமாகத் திருப்பித் தர வேண்டுமாம்.

"ஆம்பளைங்களுக்குக் கவலையில்ல, ஜானிஸ்," என்றார் பக்கத்து மீன் கடை வில்ஃப். அறுபத்தைந்து வயதுக்காரர். ஐஸ்கட்டியில் கையை விட்டுக்கொண்டே பேசுவார். "எங்களுக்குப் பின்னால சுவர் இருக்கு."

"தெரியும். மூணு வீட்டுக்கு மணக்குது."

"நகரசபை இன்னும் அதுக்கு டிக்கெட் போடல."

"நீ இப்படிச் சத்தமாச் சொல்லிட்டிரு, போட்டுருவாங்க."

கழிவறைக்குப் பதிலாக நகரசபை 'நேசக்கதவு' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. ஊரிலுள்ள வியாபாரிகள் தங்கள் கழிவறையைப் பொதுமக்களுக்குப் பாசத்தோடு திறந்துவிடுவார்கள். கடைக் கண்ணாடியில் சிரிக்கும் நீர்த்துளிப் படம் ஒட்டியிருக்கும். மொத்தம் ஐந்து கதவு. ஒன்று மதுக்கடை, மத்தியானம்தான் திறக்கும். ஒன்று ஊருக்கு வெளியே இருக்கும் செடிக்கடை, நடந்தால் இருபத்தைந்து நிமிடம். ஒன்று வங்கி, பிப்ரவரியிலேயே இழுத்து மூடிவிட்டார்கள், இரும்புக் கதவின் மேல் நீர்த்துளி மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் ஒரு தேநீர்க் கடையும் ஒரு தேவாலயமும்.

ஜானிஸ் தேநீர்க் கடைக்குப் போனாள். 'வாடிக்கையாளருக்கு மட்டும்' என்று நீர்த்துளிக்குக் கீழேயே எழுதியிருந்தது. சரி, வாடிக்கையாளராகிவிட்டால் போயிற்று. ஒரு தேநீர் இரண்டு பவுண்டு எண்பது. வாங்கியதை மேசையில் அப்படியே விட்டுவிட்டு வருவது அந்த ஊரில் அவமரியாதை; தேநீருக்கும், போட்டுக் கொடுத்தவளுக்கும். உட்கார்ந்து சூடாகக் குடித்துவிட்டு, வந்த வேலையை முடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நாற்பது நிமிடம் கழித்து அந்தத் தேநீரே அவளைத் திரும்பக் கூட்டிப்போனது. அன்றைக்கு மட்டும் நாலு தேநீர். நாலாவது தேநீர் ஆறுவதற்குள், விசிலும் ஸ்டாப் வாட்சுமாகச் சந்தையைச் சுற்றும் கண்காணிப்பாளர் ட்ரெவர் ஸ்கெல்டன் அவள் கடை முன்னால் வந்து நின்றுவிட்டார். பதினான்கு நிமிடம். முதல் சீட்டு.

"நாலு டீயா?" என்றார் வில்ஃப். "காலுறையில இன்னைக்கு என்ன மிஞ்சிச்சு?"

"மூத்திரம்தான் மிஞ்சிச்சு."

தேவாலயத்தில் கட்டணம் கிடையாது, ஆனால் 'வழிபட வருவோருக்கு மட்டும்'. மறு வாரம் ஜானிஸ் அங்கே போனாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு நுழைந்தாள். உள்ளே ஒரு இறுதிச் சடங்கு. கழிவறை இடதுபக்கம், சவப்பெட்டிக்குப் பின்னால். அவள் அடி எடுத்து வைப்பதற்குள் ஆர்கன் ஒலிக்கத் தொடங்கிவிட்டது, எல்லோரும் எழுந்தார்கள், யாரோ ஒரு பாட்டுப் புத்தகத்தை அவள் கையில் திணித்தார்கள். செத்தவரின் பெயர் ஆர்னால்ட் பிக் என்பதையே பாட்டுத் தாளில்தான் படித்தாள். ஒருவரைப் பற்றி நல்லதாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகிற மாதிரி அவளை யாரும் வளர்க்கவில்லை. மூன்று பேர் பேசினார்கள். மூன்றாமவர் ஆர்னால்டின் புறா வளர்ப்பைப் பற்றி, வருஷவாரியாக.

எல்லாம் முடிந்து, கழிவறையும் முடிந்து, வாசலில் விதவை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்தது ரொம்ப ஆறுதல். அவரை எப்படித் தெரியும்?"

"என்கிட்டதான் காலுறை வாங்குவாரு."

விதவை கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு ஒரு கால்தானேம்மா."

"அதான்," என்றாள் ஜானிஸ், "ஒத்தை ஒத்தையா வாங்குவாரு."

ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டாவது சீட்டு. அதோடு வெள்ளரிக்காய் சாண்ட்விச் இரண்டு, காகிதத்தில் சுற்றி.

அன்று மாலை ட்ரெவர் சீட்டைக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னும் ஒண்ணுதான், ஜானிஸ். உன் இடத்தைக் கேட்டு ஒரு காப்பி கம்பெனி எழுதிப் போட்டிருக்கு."

"காப்பியா? குடிச்சவனெல்லாம் எங்க போவான்?"

"அது என் துறை இல்ல."

மறுநாள் சந்தை இல்லாத நாள். ஜானிஸ் நேராக நகரசபைக்கே போனாள். வசதி மாற்றத் துறை அதிகாரி டாம்சின் ப்ரௌஸ் அவளை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, பெரிய கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் யாரையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிடக்கூடிய புன்னகை.

"கழிவறையை ஏன் மூடுனீங்க?"

"கழிவறைன்னு நாங்க இப்ப சொல்றதில்ல, மிஸஸ் ஹோல்ராய்ட். ஆறுதல் இடம்னு சொல்றோம். அதை மூடவும் இல்ல. கட்டடம் அப்படியேதான் இருக்கு. உள்ள போறதை மட்டும் நிறுத்தி வெச்சிருக்கோம்."

"யாரும் வரலன்னு எழுதியிருக்கீங்க. மெஷின் கெட்டுக் கெடந்த நாளாப் பார்த்து எண்ணினா யாரு வருவா?"

"அது எங்களுக்குக் கிடைச்ச வாய்ப்புங்க," என்றாள் டாம்சின், உண்மையான மகிழ்ச்சியோடு. "திறந்திருந்தா எண்ணிக்கை கலங்கிப்போயிடும். யார் நிஜமான தேவைக்கு வர்றாங்க, யார் சும்மா திறந்திருக்கேன்னு வர்றாங்கன்னு பிரிக்கவே முடியாது."

"சும்மா யாரு அங்க வருவா, கண்ணு? வேடிக்கை பார்க்கவா?"

"அந்த மாதிரி கருத்தெல்லாம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு படிவம் இருக்கு." படிவத்தில் முதல் கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதங்களில், மூடப்பட்ட இந்த இடத்தை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள்?

ஜானிஸ் தண்ணீரைக் குடித்திருக்கக் கூடாது. "இங்க எங்க இருக்கும்மா? எனக்கு இப்பவே போகணும்."

"இங்க இருக்கிறது மேல்நிலை ஊழியர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் மட்டும்தான். பொதுமக்கள்னா பொது இடத்தைத்தான் பயன்படுத்தணும்."

"அதைத்தான் மூடிட்டீங்களே."

"அதான் படிவம்," என்றாள் டாம்சின், பேனாவை அவள் பக்கம் நகர்த்தி.

ஜானிஸ் வீடு போய்ச் சேர்ந்தாள். எப்படிச் சேர்ந்தாள் என்பது அவள் சொந்த விஷயம்.

அடுத்த சனிக்கிழமை, படிவத்தில் கேட்டிருந்த கட்டட எண்ணைப் பார்ப்பதற்காக ஜானிஸ் அந்தப் பச்சைக் கதவின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடி கொண்டுவரவில்லை, மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் பின்னால் ஒரு பெண்மணி, மடக்கிய குடையோடு, சரியாக ஒரு கை தூரம் விட்டு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தாத்தா. அவருக்குப் பின்னால் குழந்தை வண்டியோடு ஒருத்தி. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தர் முன்னால் நின்றால் பின்னால் நிற்க வேண்டும். எதற்கு என்று கேட்பது முந்தப் பார்ப்பதுபோல் இருக்கும்.

'நான் சும்மா பலகை படிக்க வந்தேன்' என்று சொன்னால் பின்னாலிருக்கிற மூன்று பேரும் சங்கடப்படுவார்கள். ஜானிஸ் சொல்லவில்லை. பத்து நிமிடம் ஆகப்போவதைப் பார்த்ததும், "கடையைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்று மட்டும் சொன்னாள். குடைக்காரி தலையசைத்தாள். "உங்க இடம் பத்திரமா இருக்கும்."

பதினோரு மணிக்கு ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து முப்பத்தாறு ஓய்வூதியக்காரர்களை இறக்கிவிட்டது. ஒரு வரிசையைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகிற வயசு இல்லை அவர்களுக்கு. மத்தியானத்துக்குள் வரிசை மீன் கடையைத் தொட்டுவிட்டது.

"எதுக்கு நிக்கிறாங்க?" என்றார் வில்ஃப்.

"கழிவறைக்கு."

"மூடியிருக்கே."

"அவங்களுக்கும் தெரியும். பலகை கண்ணு முன்னாலதான் இருக்கு."

"அப்புறம் ஏன் நிக்கிறாங்க?"

"முன்னால ஆள் நிக்குதில்ல," என்றாள் ஜானிஸ். வில்ஃபுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்கே பதினேழு மீன் விற்றார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்கள். வெள்ளிக்கிழமை மடக்கு நாற்காலியும் பிளாஸ்கும் கொண்டுவந்தார்கள். பொறுக்க முடியாதவர்கள் நடுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கோ புதருக்கோ போனார்கள்; அந்த இடம் ஒருவர் பின் ஒருவராக முறையாக நிரம்பியது. ஜானிஸின் இடம் மட்டும் எப்போதும் முதலாவது. அவள் கடைக்கும் வரிசைக்குமாக ஒன்பது நிமிடக் கணக்கில் போய்வந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஏதாவது ஒரு நாள் திறந்தால் தான் முதலில் இருப்போம் என்பது ஒரு பிடிமானமாக இருந்தது.

நகரசபை சும்மா இருக்குமா? டாம்சின் கையில் ஒரு தொடுதிரையோடு வந்து கருத்துக் கேட்டாள். "வரிசை அனுபவம் எப்படி இருக்குங்க?"

"குறை சொல்றதுக்கில்ல," என்றாள் குடைக்காரி. அவள் கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருந்தன.

"குறை சொல்றதுக்கில்லம்மா," என்றார் தாத்தா, உதட்டைக் கடித்தபடி.

அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேட்டாலும் சொல்வார்கள். டாம்சின் அதை அப்படியே பதிந்துகொண்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குக் குறையில்லை. மிச்ச நாலு பேர் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

ஏப்ரல் கடைசியில் வரிசைக்குக் கைப்பிடிக் கம்பி போட்டார்கள். மேலே கூரை. தரையில் காலடித் தடங்கள் வரைந்தார்கள். அறுபத்திரண்டாயிரம் பவுண்டு. கழிவறையை ஒரு வருஷம் திறந்துவைக்க ஆகும் செலவு இதில் பாதி என்று வில்ஃப் எங்கோ படித்ததாகச் சொன்னார். நகரப் பெருமிதத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் க்ளைவ் வெதரால் நாடா வெட்ட வந்தார். கழுத்தில் பொன் சங்கிலி, பக்கத்தில் புகைப்படக்காரர்.

"நண்பர்களே," என்று தொடங்கினார், "பக்கத்து ஊர்ல எல்லாம் கழிவறை இருக்கு. சந்தோஷம். ஆனா திறந்திருக்கிற கழிவறைக்கு வர்றவர் என்ன செய்யறார்? மூணு நிமிஷம். முடிச்சுட்டுப் போயிடறார். அதுக்கப்புறம் இந்த ஊருக்கும் அவருக்கும் என்ன உறவு? மூடின கழிவறைக்கு வர்றவர் நம்ம சதுக்கத்துல நாப்பது நிமிஷம் நிக்கிறார். பேசறார். மீன் வாங்கறார். காத்திருத்தல்னா என்னன்னு குழந்தைகளுக்குக் கத்துக்கொடுக்கறார். இதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா? வாங்கியிருக்கோம்."

கைதட்டினார்கள். குளிரில் கை தட்டினால் மற்ற அவஸ்தை கொஞ்சம் மறக்கும்.

"எங்களைக் கேக்கறாங்க, எப்ப திறப்பீங்கன்னு. நான் திருப்பிக் கேக்கறேன்: திறந்துட்டா இந்த வரிசை எங்க போகும்?"

பேசி முடித்ததும் காரில் ஏறி நகரசபைக்குப் போனார். ஓட்டுநர் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார். ஐயாவுக்குக் காலையில் இரண்டு காப்பி.

மே மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. தேநீர்க் கடை பெயின்ட் அடிக்க மூடியிருந்தது. தேவாலயத்தில் சாவு எதுவும் இல்லாததால் பூட்டியிருந்தது. காலை பத்து மணிக்கு இரண்டு பேர் டேப்போடு வந்து ஜானிஸின் கடையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார்கள். சட்டையில் காப்பிக் கொட்டைப் படம்.

"நீங்க வேலையைப் பாருங்க," என்றான் ஒருவன், மரியாதையாக. "நாங்க சும்மா மெஷின் எங்க வைக்கலாம்னு பார்க்கிறோம்."

"நான் இன்னும் இங்கதான் தம்பி இருக்கேன்."

"தெரியுங்க. அவசரமே இல்ல."

பத்தே முக்காலுக்கு அவளுக்கு அவசரமாகிவிட்டது. வரிசைக்குப் போனாள். பதினெட்டுப் பேர் அவளுக்குப் பின்னால். ட்ரெவர் பின்னாலேயே வந்தார். கையில் ஸ்டாப் வாட்ச், கக்கத்தில் சீட்டுப் புத்தகம். கொஞ்சம் தள்ளி நின்று நேரம் பார்த்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. காலை ஏழிலிருந்து வெளியில் நிற்கிற மனிதர்.

ஆறாவது நிமிடம். ஏழாவது. கடைக்குத் திரும்பினால் கடை முன்னாலேயே, இருபத்துமூன்று வருஷம் வியாபாரம் பார்த்த இடத்தில், காலுறை வாங்க வந்தவர்கள் எதிரில் ஆகிவிடும். திரும்பாவிட்டால் மூன்றாவது சீட்டு. எட்டாவது நிமிடம். பலகை அவள் மூக்குக்கு நேரே இருந்தது. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்.'

"எனக்கு ஒண்ணுக்குப் போகணும்," என்றாள் ஜானிஸ். கத்தவில்லை. ஆனால் பதினெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஒன்றரை மாதமாக அந்த வரிசையில் அந்த வார்த்தையை யாரும் உச்சரித்ததில்லை. தாத்தா தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு கதவை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

கதவு திறந்துகொண்டது. உடையவில்லை, பெயரவில்லை. கீல் சத்தம்கூட இல்லாமல், எண்ணெய் போட்ட கதவு மாதிரி உள்ளே போனது.

அது பூட்டியே இருக்கவில்லை. பூட்டு வாங்கும் கோப்பு மார்ச்சிலிருந்து மூன்று மேசை சுற்றிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பலகை மட்டும் சீக்கிரமாக வந்துவிட்டது. அந்த ஊருக்குப் பலகை போதும். ஒன்றரை மாதமாக நூற்றுக்கணக்கான பேர் அந்தக் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்று நெளிந்தார்கள். ஒருவர்கூடத் தள்ளிப் பார்க்கவில்லை. 'மூடப்பட்டுள்ளது' என்று எழுதியிருக்கும்போது தள்ளிப் பார்ப்பது, எழுதியவரை நம்பவில்லை என்று சொல்வது போலாகிவிடும்.

உள்ளே விளக்கு எரிந்தது. தரை பளபளவென்று இருந்தது. துப்புரவு ஒப்பந்தம் இன்னும் நாலு வருஷத்துக்கு ஓடுவதால் ஒரு அம்மாள் தினமும் காலை ஐந்தரைக்கு வந்து, யாரும் போகாத கழிவறையைக் கழுவி, காகிதம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அட்டைக் கருவியை எடுத்துப் போயிருந்ததால் காசும் இல்லை. ஜானிஸ் தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள்.

வெளியே வந்தபோது யாரும் ஆரவாரம் செய்யவில்லை. குடைக்காரி மட்டும் மெதுவாக, "மன்னிக்கணும், முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். தாத்தா ஒரு காலடித் தடம் முன்னால் வந்தார்.

ட்ரெவர் வாட்சைப் பார்த்தார். "பன்னெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்." சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். ஜானிஸ் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பேனா தாளைத் தொடவில்லை.

"உள்ள தண்ணி வருதா?" என்றார்.

"வெந்நீரே வருது."

"விளக்கு?"

"எரியுது. நகரசபைக் கழிவறையில உனக்கு இடமில்லையா?"

"அது மேல்நிலைக்கு. நான் வெளிவேலை." குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "பதினோரு வருஷமா அந்தச் சுவருதான். முட்டி வலி வந்ததுக்கப்புறம் அதுவும் கஷ்டம்."

குடைக்காரி வெளியே வந்தாள். தாத்தா ட்ரெவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்க போங்க. உத்தியோகம் பார்க்கிறவங்க."

ட்ரெவர் ஸ்டாப் வாட்சை ஜானிஸிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடி." உள்ளே போனார். ஜானிஸ் அவர் போன நேரத்தை அளந்தாள், பழிக்குப் பழி. மூன்று நிமிடம் பத்து செகண்ட். வெளியே வந்து வாட்சை வாங்கிக்கொண்டவர், "இது கொஞ்ச நாளா வேகமா ஓடுது, ரிப்பேருக்குக் கொடுக்கணும்," என்று சொல்லிவிட்டு மீன் கடைப் பக்கம் நடந்தார்.

அன்றிலிருந்து வரிசை நகர்ந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. நகரசபையின் கண்ணிலும் அது பட்டது. மறு மாதக் கூட்டத்தில் டாம்சின் அறிக்கை படித்தாள்: கைப்பிடிக் கம்பி போட்டபின் வரிசையின் வேகம் பத்து மடங்கு கூடியிருக்கிறது. முன்னால் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்க ஓர் உறுப்பினருக்கும் தோன்றவில்லை. வெதரால் அந்த வரிசையையும் பலகையையும் கதவையும் நகரப் பாரம்பரியமாக அறிவித்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். அவர் தன் கையால் திரை விலக்கி, "இந்தக் கதவு இனி என்றைக்கும் இப்படியேதான் இருக்கும்," என்று உறுதி கொடுத்தார். அன்றைக்கு வந்த கைதட்டல் மாதிரி அவர் அரசியல் வாழ்க்கையில் வந்ததில்லை. அவர் கார் மூலை திரும்பும்வரை எல்லோரும் பொறுமையாக நின்றார்கள்.

காப்பி கம்பெனிக்கு வேறு ஊரில் இடம் கிடைத்தது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நகரசபை வேன் ஒன்று கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெரிய கைகளும் வெயிலில் சிவந்த கழுத்துமாக ஒருவன் இறங்கினான். ஒரு கையில் துளைக்கருவி. இன்னொரு கையில் புத்தம்புது பூட்டு, எலுமிச்சம்பழ அளவு, காகிதம்கூடப் பிரிக்கவில்லை. கோப்பு நாலாவது மேசையில் கையெழுத்தாகிவிட்டது.

கடையிலிருந்து ஜானிஸ் அதைப் பார்த்தாள். ஒரு ஜோடி காலுறையைக் கையில் பிடித்தபடியே முப்பத்தோரு எட்டையும் ஓடினாள்.

"என்ன தம்பி இது?"

"பூட்டு மாட்டணும். கதவுல தாழ்ப்பாளுக்குத் துளை போடணும். ஆர்டர்."

வரிசையில் ஐந்து பேர். ஐந்து பேரும் தங்கள் காலடித் தடத்தைக் குனிந்து பார்த்தார்கள். ஜானிஸ் பித்தளைத் தகட்டைக் காட்டினாள். "அதைப் படிச்சிட்டு மாட்டு."

அவன் வாய்விட்டுப் படித்தான். 'இக்கதவில் எவ்வகை மாற்றமோ, துளையிடலோ, உலோகச் சேர்க்கையோ செய்வது தண்டனைக்குரியது. க்ளைவ் வெதரால், நகரப் பெருமிதத் துறை.' இன்னொரு தரம் படித்தான். போனை எடுத்து அலுவலகத்தை அழைத்தான். எதிர்முனையில் டாம்சினின் குரல், தெளிவாக, புன்னகையோடு: பாரம்பரியக் கதவில் பூட்டு மாட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், குழு கூட இரண்டு வருஷம் ஆகும், அதுவரை பூட்டை அலுவலகத்தில் திரும்ப வாங்கவும் வழியில்லை, வேனிலேயே வைத்திருக்க வேண்டும்.

அவன் போனை வைத்தான். பூட்டைப் பைக்குள் போட்டான். அந்த நேரம் பார்த்துப் பச்சைக் கதவு திறந்து, ஒரு பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அடுத்தவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவன் கதவைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். ஜானிஸைப் பார்த்தான். காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து கிளம்பினவன்.

துளைக்கருவியை வேனில் வைத்துவிட்டு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "கடைசி யாருங்க?"